அணையில் தேங்கும் வண்டல்: கேள்வி பதில்

கே: வண்டல் சேர்ந்தால் தூர்வாரினால் போதாதா?

ப: பெரிய தேக்கத்தில் போதாது. வெள்ளந்தோறும் வந்து சேருவதை எந்திரத்தால் அள்ளி மாளாது. அள்ளியதைக் கொட்ட இடமும் கிடைக்காது. வெள்ளம் வரும்போதே நீர்மட்டத்தைத் தாழ்த்தி, வண்டலை வெளியேற்றும் அடிமதகுகளான மணற்போக்கிகளைத் திறந்து, கலங்கல் நீரை நிற்கவிடாமல் கடத்த வேண்டும். சீனாவில் மஞ்சள் ஆற்றின் சன்மென்சியா அணை 1960இல் நீர் தேக்கியதும் வண்டல் மளமளவென்று ஏறி, மேலேயுள்ள ஆற்றுப்படுகையையே உயர்த்திவிட்டது. பிறகு அடிமதகுகளைத் திறந்து, சுரங்கவழி வெட்டி, கலங்கலை வெளியே விட்டுத் தெளிநீரை மட்டும் தேக்கும் முறைக்கு மாறினார்கள்.

கே: வண்டல் அணையில் தங்கி, கீழே தெளிந்த நீர் போவது நல்லதுதானே?

ப: இல்லை. மண்சுமை இல்லாத நீர் படுகையையும் பாலத் தூணின் அடியையும் அரிக்கும். கழிமுகத்துக்கு மண் போகாது. 1970இல் அஸ்வான் மேலணை முடிந்தபின் நைல் கழிமுகக் கரையில் அரிப்பு கடுமையானது.

கே: மீன்கள் அணையைத் தாண்ட மீன்படி கட்டினால் மீன்கள் பிழைக்குமா?

ப: ஏறும் மீனுக்கு மட்டும் உதவும், அதுவும் வாயிலில் மீனை ஈர்க்கும் ஓட்டம் இருந்தால். இறங்கும் குஞ்சுகளுக்குச் மின் உற்பத்திச் சுழலியை (டர்பைனை) தவிர்த்த தனிவழி வேண்டும்.

கே: அணைகளால் நிலநடுக்கம் வருமா?

ப: என் துறையல்ல, நிலநடுக்கவியலாளரைக் கேளுங்கள்.

கே: தூர்வாருவது பற்றிச் சொல்லுங்கள்.

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: அடிமதகைத் திறந்தால் மீன் செத்து மிதக்கிறது. அதையா பரிந்துரைக்கிறீர்கள்?

ப: தவறாகத் திறந்தால் சாகும். கோடையில், ஆற்றில் நீர் குறைந்திருக்கும்போது, பல ஆண்டுச் சேற்றை ஒரேயடியாக விடாதீர்கள். செவுள் அடைபடும், அழுகிய சேறு ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். வெள்ளத்தோடு சேர்த்து, மதகைப் படிப்படியாக உயர்த்துங்கள். கீழே கலங்கலையும் ஆக்சிஜனையும் தொடர்ந்து அளங்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமை நெருங்கினால் மதகைச் சுருக்கி, மேல்மட்டத் தெளிநீரைக் கலந்து விடுங்கள். முடிந்ததும் தெளிநீர் விட்டுக் கூழாங்கல் இடுக்கிலுள்ள சேற்றைக் கழுவ வேண்டும். முட்டைகள் அங்கேதான் மூச்சுவிடும்.

கே: (அவரே) வெள்ளத்தை விட்டுவிட்டால் அணை எப்படி நிரம்பும்?

ப: நல்ல கேள்வி. பெரும்பாலான ஆறுகளில் வெள்ளம் ஏறும்போதுதான் வண்டல் அதிகம், வடியும்போது குறைவு. ஏறுமுகத்தைக் கடத்திவிட்டு இறங்குமுகத்தைத் தேக்குங்கள். ஆனால் ஓராண்டு வரத்தைவிடக் கொள்ளளவு பெரிதாக உள்ள அணையில் இப்படி மட்டத்தைத் தாழ்த்த முடியாது. நிரப்பப் பல ஆண்டாகும். அங்கே அடியில் ஊர்ந்துவரும் அடர்ந்த சேற்றோட்டத்தை மட்டும் அடிமதகு வழியே வெளியேற்றலாம்.

கே: (அவரே) அப்படியானால் கோடையில் திறக்கவே கூடாதா?

ப: சேற்றைத் தள்ளத் திறக்கவே கூடாது. திரும்பவும் சொல்கிறேன்: கோடையில் வேண்டாம்.

கே: புதிய அணை கட்டுகிறார்கள். பிறகு தூர்வாரிக்கொள்ளலாம் அல்லவா?

ப: மூன்றாம் முறை இதே கேள்வி! வரைபடத்தில் மணற்போக்கி இருக்கிறதா, அதன் வாய் பழைய ஆற்றுப்படுகையின் மட்டத்துக்கு அருகில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நீர் தேங்கியபின் கான்கிரீட்டைத் துளைப்பது பெரும்பாடு.