முதல் சம்பளத்தை வைத்துக் கடனை முடிவு செய்யுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

பாம்பனிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகளுக்குச் சுற்றுச்சூழல் பொறியியல் மேல் ஆசை. வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் தருவதாகச் சொல்கிறது. படிப்பும் ஹாஸ்டலும் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம். "லோன் நாங்களே ஏற்பாடு செய்கிறோம், இந்த வாரம் 50,000 முன்பணம் கட்டிவிடுங்கள்" என்கிறார்களாம். கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் கட்டாதீர்கள். படிப்பை நான் குறை சொல்லவில்லை, கடன் கணக்குதான் உதைக்கிறது.

நான்கு ஆண்டுக்கு 8 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போதும் முடித்த பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் வட்டி சும்மா இருக்காது. முதல் ஆண்டு வாங்கிய 2 லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி, அடுத்த 2 லட்சத்துக்கு 4 ஆண்டு வட்டி என்று தனிவட்டியாகவே 2.8 லட்சம் ஏறிவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 10.8 லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 14,270 ரூபாய் வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு இழுத்தால் மாதம் 11,600தான், ஆனால் மொத்தமாகக் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 21 லட்சம்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலோ நீர் பரிசோதனைக் கூடத்திலோ புதிதாகச் சேரும் பெண்ணுக்கு மாதம் 18,000 கையில் வருகிறது என்று வையுங்கள். அந்த வேலை ராமநாதபுரத்தில் கிடைப்பது அரிது. நம் கடற்கரையில் உப்புநீர்ப் பிரச்சினை, இறால் பண்ணைக் கழிவு, மன்னார் வளைகுடாத் தீவுகள் என்று இந்தப் படிப்புக்கான பாடம் நிறைய இருக்கிறது, ஆனால் சம்பளம் கொடுக்கும் இடங்கள் குறைவு. சாயப்பட்டறைக் கழிவுநீருக்குத் திருப்பூர், தோல் ஆலைகளுக்கு ராணிப்பேட்டை, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களுக்குச் சென்னைப் பக்கம் நெம்மேலி என்று போக வேண்டியிருக்கும். அங்கே தங்கவும் சாப்பிடவும் 7,000 என்றால் மிச்சம் 11,000. தவணை 14,270. மீதியை யார் கட்டுவது? கடலுக்குப் போகிற அண்ணன், அதாவது உங்கள் வீட்டுக்காரர், மீன்பாடு உள்ள மாதத்தில் கட்டுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்?

யூடியூபில் மகள் பார்த்ததாக நீங்கள் எழுதிய 'ஆண்டுக்கு 1 லட்சம் டாலர்' பொய்யில்லை. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பொறியாளர்களின் நடுமட்டச் சம்பளம் அந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் அது பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்து எடுத்த கணக்கு, புதிதாகச் சேருகிறவரின் சம்பளம் அல்ல. அந்த ஊர்ச் செலவும் வேறு. நம் தவணையை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இந்தத் துறையில் காசு வராமல் போகாது, ஆனால் தாமதமாகத்தான் வரும். மேற்படிப்பு முடித்தவர்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்களில் சில ஆண்டு தேறியவர்கள், அரசுப் பொறியாளர் தேர்வில் வென்றவர்கள், இவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். தமிழக அரசில் உதவிப் பொறியாளரின் தொடக்க அடிப்படை ஊதியமே 37,700. அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வரை பிள்ளை தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்குக் கடன் சின்னதாக இருந்தாக வேண்டும்.

அதனால் என் யோசனை இது. மேனேஜ்மென்ட் சீட்டை விட்டுவிட்டு தமிழக அரசின் பொறியியல் கலந்தாய்வில் சிவில் எடுக்கட்டும், பிறகு எம்.இ. மேற்படிப்பில் சுற்றுச்சூழல் படிக்கட்டும். ராமநாதபுரத்திலேயே அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருக்கிறது, காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி இருக்கிறது. சிவில் படித்தால் டி.என்.பி.எஸ்.சி. பொறியாளர் தேர்வுகளில் கதவு அதிகம் திறக்கும். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழலுக்கென்றே தனித்தாள் இருக்கிறது. கேட் மதிப்பெண்ணில் எம்.டெக். இடமும் உதவித்தொகையும் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் வரும். மகளுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். "நாலு வருசம் சிமென்ட்டா?" என்று கேட்பாள். நீர் வழங்கலும் கழிவுநீரும் சிவில் பாடத்திலேயே வருகிறது என்று சொல்லுங்கள்.

கணக்கும் மாறும். ஆண்டுக்கு 50,000 மட்டும் கடன் வாங்கினால் மொத்தம் 2 லட்சம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அல்லது பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. என்ற தரச்சான்று அங்கீகாரமும் இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத்தில் கேட்கலாம். அது கிடைத்தால் பத்து ஆண்டுத் தவணை மாதம் சுமார் 2,640. கிடைக்காவிட்டாலும் 3,570தான். 18,000 சம்பளத்தில் இதைக் கட்டிவிட்டு வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். மானியம் தானாக வந்துவிடாது. வருமானச் சான்றிதழோடு போய் ஒவ்வோர் ஆண்டும் வங்கியில் நினைவூட்டுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று, மகள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்பது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரலாம். அதில் கல்விக் கட்டணம், ஹாஸ்டல், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும், கடன் பேச்சே தேவைப்படாமல் போகலாம். ஆனால் நம் கடற்கரை ஊர்களில் நிறையப் பிள்ளைகள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளிகளில். அவற்றுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. அங்கே தமிழ்வழியில் படித்திருந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வீட்டில் இதுவரை பட்டதாரி யாருமில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அந்தச் சான்றிதழால் வரும் கட்டணச் சலுகை கலந்தாய்வில் சேருகிறவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அண்ணன் மீனவர் நல வாரிய உறுப்பினர் என்றால் அங்கேயும் கல்வி உதவி கேட்கலாம்.

கல்லூரிக்காரர்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஈடு கேட்கும். உங்கள் வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா? இல்லாவிட்டால் மீதிக்கு நகையோ வட்டிக்காரரோதான். படகுக்கு ஏற்கெனவே வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் இருக்கும்போது அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பிளஸ் டூ ரிசல்ட் வருவதே தடைக்காலத்தின் நடுவில், வீட்டில் காசு ஓட்டமே இல்லாத நேரத்தில். "இந்த வாரம் கட்டாவிட்டால் சீட் போய்விடும்" என்ற அவசரம் அவர்களுடையது, உங்களுடையது அல்ல.

மகள் அந்தக் கல்லூரியில்தான் படிப்பேன் என்று நின்றால், போன ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் சுற்றுச்சூழல் வேலையில் சேர்ந்தார்கள், கையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்பார்கள். சாஃப்ட்வேர், கால்சென்டர் வேலைகளைக் கழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முடித்த பிள்ளைகள் இரண்டு பேரின் நம்பரை வாங்கி, அண்ணன் பேசாமல் மகளே பேசட்டும்.

கட்-ஆஃப் மதிப்பெண், பள்ளி விவரம், வருமானச் சான்றிதழ் மூன்றையும் அனுப்புங்கள், கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடலாம் என்று சேர்ந்து பார்ப்போம். அதுவரை அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியிலும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்கக் கேட்டால் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், நகல் மட்டும் கொடுத்தால் போதும்.