எப்போது கலந்தீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புரதங்களை அளப்பது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் உயிர்வேதியியல் ஆய்வு மாணவி. ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டி, அதில் கிடைக்கும் பெப்டைடை (புரதத்தின் சிறு துண்டை) மாஸ் ஸ்பெக்கில், அதாவது மூலக்கூறுகளை நிறையை வைத்துப் பிரித்தறியும் கருவியில், அளக்கிறேன். ஒரே மாதிரியை இன்றும் நாளையும் ஓட்டினால் திரையில் தெரியும் பீக்கின் (முகட்டின்) பரப்பு வேறு வேறாக வருகிறது. கனமான ஐசோடோப்பு (அதே தனிமத்தின் நிறை கூடிய அணு) ஏற்றிய அதே பெப்டைடைத் தெரிந்த அளவில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? மனிதர்களுக்கே ஐசோடோப்பு ஏற்றி அளந்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். கதிர்வீச்சு ஆயிற்றே என்று பயந்துவிட்டார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீட்டில் உள்ளவர்களின் பயத்தை முதலில் போக்கிவிடுவோம். இந்த வேலைக்குப் பயன்படுவது கார்பன்-13, நைட்ரஜன்-15. இரண்டும் நிலையான ஐசோடோப்புகள், கதிர் எதையும் வீசாதவை. நம் உடலில் உள்ள கார்பனிலேயே சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13தான். 2006இல் ராண்டல் பேட்மேன் குழுவினர் கார்பன்-13 ஏற்றிய லூசின் என்ற அமினோ அமிலத்தை மனிதர்களின் ரத்தநாளத்தில் செலுத்தி, மணிக்கு மணி மூளைத் தண்டுவட நீரை எடுத்து, அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா பெப்டைடு எவ்வளவு வேகத்தில் உருவாகிறது, எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். 2010இல் அதே வழியில் அல்சைமர் நோயாளிகளை ஆராய்ந்தபோது, உற்பத்தி மற்றவர்களைப் போலவே இருந்தது, வெளியேற்றம்தான் மந்தமாகியிருந்தது. அளவை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

இனி உங்கள் பீக். மாஸ் ஸ்பெக் எண்ணுவது தன்னிடம் வந்து சேரும் அயனிகளை. குழாயில் இருந்த மூலக்கூறுகளில் எத்தனை அயனியாகி அங்கே போய்ச் சேரும் என்பது நாளுக்கு நாள் மாறும். சில பெப்டைடுகள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யும்போது கொஞ்சம் போகும். மூலக்கூறுகளை அயனியாக்கும் எலக்ட்ரோஸ்பிரேயில் அதே நொடியில் வெளிவரும் மற்ற மூலக்கூறுகளோடு மின்னூட்டத்துக்குப் போட்டி வேறு, அதிலும் ரத்த மாதிரியில் அது கடுமையாக இருக்கும். ஆகவே பீக்கின் பரப்பை மட்டும் வைத்து அளவைச் சொல்ல முடியாது.

ஐசோடோப்பு ஏற்றிய கனமான பெப்டைடு உதவுவது இங்கேதான். டிரிப்சின் லைசின், அர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பின்னால் வெட்டும். அதனால் பெரும்பாலான பெப்டைடுகளின் கடைசியில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். அந்த லைசினின் ஆறு கார்பனையும் இரண்டு நைட்ரஜனையும் கனமானவையாக மாற்றினால் நிறை 8 டால்டன் (அணு நிறையின் அலகு) கூடும், அர்ஜினின் என்றால் 10. வேதியியல் நடத்தை அப்படியே இருக்கும். 50 ஃபெம்டோமோல் (மிகச் சிறிய அளவுக்கான அலகு) சேர்க்கிறீர்கள், சாதாரண பீக் கனமானதைப் போல இரண்டு மடங்கு வருகிறது என்றால், உங்களிடம் இருப்பது 100. வழியில் பாதி தொலைந்தாலும் இரண்டிலும் பாதி தொலையும், விகிதம் மாறாது. புரத ஆய்வில் இம்முறையைப் பரவலாக்கியது ஸ்டீவன் கிகி குழுவினர் 2003இல் வெளியிட்ட கட்டுரை. டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றியதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாஸ் ஸ்பெக்குக்கு முன்னால் பெப்டைடுகளைப் பிரிக்கும் குழாயிலிருந்து (column) அது சற்று முன்னதாகவே வெளியேறிவிடக்கூடும், அப்புறம் இரண்டும் ஒரே போட்டியைச் சந்திப்பதில்லை.

ஆனால் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். கலந்த பிறகு நேரும் இழப்பைத்தான் கனமான பெப்டைடு ஈடுகட்டும். கலப்பதற்கு முன்பு நடந்தது அதற்குத் தெரியாது. டிரிப்சின் வேலை முடிந்த பிறகு அதைச் சேர்க்கிறீர்கள், புரதத்தில் 30 சதவீதம் வெட்டப்படாமல் கிடக்கிறது என்று வையுங்கள். விகிதம் தினமும் ஒன்றுபோல வரும், தினமும் 30 சதவீதம் குறைவாகவும் இருக்கும். இப்போதைய தள்ளாட்டத்தைவிட இது ஆபத்து, ஏனென்றால் யாருக்கும் சந்தேகமே வராது. முழுப் புரதத்தையே கனமாகத் தயாரித்து மாதிரியை எடுத்தவுடன் கலப்பது சிறந்த வழி. அது கிடைக்காவிட்டால், வெட்டுமிடத்துக்கு இருபுறமும் சில அமினோ அமிலங்கள் கூடுதலாக உள்ள பெப்டைடை டிரிப்சினுக்கு முன்பே சேருங்கள். அதுகூட வெட்டுப்படும்தான், ஆனால் மடிந்து கிடக்கும் முழுப் புரதத்தைவிட எளிதாக வெட்டுப்படும் என்பதை மறக்காதீர்கள்.

வாங்கிய பெப்டைடுப் பொடியை நிறுத்துப் பார்த்த எடையையும் நம்ப வேண்டாம். அதில் ஈரமும் உப்பும் சேர்ந்திருக்கும். அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்து உண்மையான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

திரையில் இரண்டு பீக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே நொடியில் ஏறி ஒரே நொடியில் இறங்க வேண்டும். கருவிக்குள் பெப்டைடை உடைத்து வரும் துண்டுகளின் விகிதமும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். சாதாரண பெப்டைடில் ஒரு துண்டு மட்டும் தூக்கலாக இருந்தால், வேறு ஏதோ மூலக்கூறு அங்கே நுழைந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். 2, 4, 8, 16 மணி நேரம் வெட்டவிட்டு, விகிதம் எங்கே ஏறாமல் நிற்கிறது என்று பாருங்கள். அதே புரதத்தின் வேறொரு பகுதியிலிருந்து இரண்டாவது பெப்டைடையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் தைரியமாக எழுதலாம். வேறு வேறு எண் வந்தால், சராசரி எடுத்துவிடாமல் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.