வெளிநாட்டில் காண்ட்ராக்ட் வேலை: எந்த ஊரில் எவ்வளவு மிஞ்சும்? (கேள்வி பதில்)

எஸ்ஏபி மென்பொருளின் நிதிப் பிரிவில் ஆலோசகராக சிங்கப்பூர், துபாய், நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் காண்ட்ராக்டில் வேலை பார்த்திருக்கிறேன். இந்த நான்கைப் பற்றியும் கேளுங்கள். ஜெர்மனியில் நெருங்கிய சொந்தங்கள் இருப்பதால் அதுவும் ஓரளவு பழக்கம். கேட்கும்போது மூன்று விவரம் வேண்டும்: தனியாகப் போகிறீர்களா குடும்பத்தோடா, பிள்ளைகளின் வயது என்ன, வேலை இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் பணம் இருக்கிறது. சம்பளத்தை ரூபாயில் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

கேள்வி (கோயம்புத்தூர், ஜாவா, 8 வருட அனுபவம்): அக்கா, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சிங்கப்பூரில் 8,500 வெள்ளி, ஒரு வருட காண்ட்ராக்ட். துபாயில் 20,000 திர்ஹாம். துபாயில் வரி இல்லை என்பதால் அங்கே போகலாமா?

தம்பி, உங்களுக்குச் சிங்கப்பூர்தான். வருடத்துக்கு 1,02,000 வெள்ளி. வருடம் முழுக்க அங்கே இருந்தால் வரி சுமார் 5,900 வெள்ளி, அதாவது ஒரு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. வெளிநாட்டவருக்கு சிபிஎஃப் (அங்குள்ள வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் கிடையாது. அதையெல்லாம் கழித்த பிறகும் 20,000 திர்ஹாமைவிட அதிகமாகவே கைக்கு வரும். எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு அறை மட்டும் எடுத்தால் ஆயிரம் வெள்ளி சுற்றில் முடியும். கார் தேவையே இல்லை, எம்ஆர்டி ரயில் போதும். துபாயில் மெட்ரோ ஒட்டி வீடு கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் கார், பெட்ரோல், சாலிக் (சாலைச் சுங்கம்) என்று போய்க்கொண்டே இருக்கும்.

183 நாளுக்குள் திரும்பினால் மட்டும் கணக்கு மாறும். அப்போது சம்பளத்துக்கு 15% அல்லது அங்கே வசிப்பவருக்கான வரி, இரண்டில் எது கூடுதலோ அதைக் கட்ட வேண்டும்.

இப்போது யாரும் யோசிக்காத பகுதி. காண்ட்ராக்ட் முடிந்த மறுநாள் என்ன ஆகும்? எம்ப்ளாய்மெண்ட் பாஸ் (சிங்கப்பூர் வேலை அனுமதி) ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் இருக்க முடியும். நீங்கள் நாட்டைவிட்டுப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் கம்பெனி ஐஆர்21 என்ற வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து, வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்கும். கடைசிச் சம்பளத்தை நம்பி டிக்கெட் போட்டவர்கள் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது இரண்டு மாதச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். முழு வீடாக எடுத்தால் ஒப்பந்தத்தில் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' (வேலை போய் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க விடும் விதி) இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், வேலை போனாலும் வாடகை உங்கள் தலையில்தான்.

கேள்வி: எந்த நாடு பெஸ்ட் மேடம்?

மேலே கேட்ட மூன்று விவரங்களைத் தாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை, டெஸ்ட் மேனேஜர்): மனைவி லண்டனில் நர்ஸ், ஹெல்த் அண்ட் கேர் விசா. நானும் பிள்ளைகளும் (6, 9 வயது) டிபெண்டண்ட். எனக்கு ஒரு நாளைக்கு 450 பவுண்டு, அம்ப்ரெல்லா கம்பெனி (காண்ட்ராக்டரைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் தரும் இடைநிலை நிறுவனம்) மூலம். மாதம் 9,900 பவுண்டு என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிதானே?

முதலில் நல்ல செய்தி. டிபெண்டண்ட் விசாவில் நீங்கள் காண்ட்ராக்ட் செய்யலாம். ஸ்கில்டு வொர்க்கர் விசா உங்கள் பெயரில் இருந்திருந்தால், அந்த ஸ்பான்சரை விட்டுவிட்டு அம்ப்ரெல்லாவில் சேர முடியாது. உங்கள் மனைவியின் விசா வகைக்கு ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணமும் கிடையாது. உங்கள் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

ஆனால் 450-ஐ 22-ஆல் பெருக்காதீர்கள். விடுப்பு, பொது விடுமுறை, கிறிஸ்துமஸ் சமயத்துக் கட்டாய விடுப்பு, இரண்டு காண்ட்ராக்டுக்கு நடுவில் வரும் இடைவெளி எல்லாம் போக வருடத்துக்கு 220 நாள் கிடைத்தாலே நல்ல வருடம். ஆக 99,000 பவுண்டு. அதுவும் உங்கள் சம்பளம் அல்ல. முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புக் கட்டணம் (2025 ஏப்ரலிலிருந்து 15%), அப்ரண்டிஸ்ஷிப் லெவி (தொழிற்பயிற்சித் தீர்வை), அம்ப்ரெல்லாவின் கட்டணம் மூன்றும் அதிலிருந்தே கழியும். மீதி சுமார் 85,000 தான் உங்கள் சம்பளம் என்று கணக்கில் வரும். அதில் வருமான வரியும் உங்கள் பங்கு இன்ஷூரன்ஸும் போனால் கைக்கு வருவது சுமார் 60,000. மாதம் 5,000 பவுண்டு. நீங்கள் போட்ட கணக்கில் பாதி.

பென்ஷன் பிடித்தத்தை இதில் சேர்க்கவில்லை. வேலையில் சேருமுன் அம்ப்ரெல்லாவிடம் பிடித்தங்கள் எல்லாம் வரிவரியாக இருக்கும் விளக்கத் தாளை வாங்கிப் படியுங்கள். '85 சதவீதம் கைக்கு வரும்' என்று யாராவது சொன்னால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். அது வரி ஏய்ப்புத் திட்டமாக இருக்கும், பிற்பாடு வரித்துறை உங்களிடம்தான் வந்து நிற்கும்.

அரசுப் பள்ளி இலவசம். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும், அதை வாடகையோடு சேர்த்தே பாருங்கள். மனைவியின் சம்பளமும் இருப்பதால் உங்கள் நிலைமை நன்றாகவே இருக்கிறது. தைரியமாகச் சேருங்கள்.

கேள்வி (துபாய்): அக்கா, நான் 22,000 திர்ஹாம் வாங்குகிறேன். பைசா வரி இல்லை. ஐரோப்பாவில் சம்பாதிப்பதை வரியாகக் கொடுத்துவிட்டு ஏன் கஷ்டப்பட வேண்டும்?

வாடகை எவ்வளவு? பிள்ளைகள் எத்தனை பேர்?

(அவரே): அல் குசைஸில் இரண்டு பெட்ரூம், வருடம் 90,000. இரண்டு பிள்ளைகள், இந்தியப் பாடத்திட்டப் பள்ளி, பஸ்ஸோடு சேர்த்து 47,000.

அப்படியானால் சேர்ந்தே பார்ப்போம். வருடச் சம்பளம் 2,64,000. வாடகை 90,000. தேவா (துபாய் மின்சார, குடிநீர் வாரியம்) பில்லில் வரும் வீட்டுக் கட்டணம் வாடகையில் 5%, அது 4,500. பள்ளி 47,000. மொத்தம் 1,41,500. சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அரசாங்கம் வரியாக எடுக்கவில்லை, வீட்டுக்காரரும் பள்ளியும் எடுத்துக்கொண்டார்கள். மாதம் 10,200 திர்ஹாம் மிச்சம். கரண்ட், ஏசி, கார், மனைவி பிள்ளைகளின் இன்ஷூரன்ஸ், ஊருக்கு டிக்கெட் எல்லாம் இனிமேல்தான்.

(நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து ஒருவர்): நான் சொல்கிறேன். இங்கே மாதம் 6,200 யூரோ, 30% ரூலிங் (வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுக்கப்பட்டவருக்குச் சம்பளத்தில் 30% வரை வரி விலக்கு) உண்டு, கைக்கு 5,100 வருகிறது. வாடகை 1,750. பெரியவர்கள் இருவருக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் 320, பிள்ளைகளுக்கு இலவசம். பள்ளிக்குச் செலவில்லை. சைக்கிளில் ஆபீஸ் போகிறேன்.

அவருக்கு மிஞ்சுவது சுமார் 3,000 யூரோ. திர்ஹாமில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். கார் இல்லாமல்.

(துபாய்க்காரர்): ரூலிங் ஐந்து வருடம்தானே? 2027-லிருந்து 27% ஆகிறது. அங்கே வீடும் கிடைப்பதில்லை.

இரண்டும் உண்மை. ரூலிங் போனால் அதே 6,200-க்கு 4,200 சுற்றில்தான் கைக்கு வரும். வீட்டுத் தட்டுப்பாடு ஆம்ஸ்டர்டாம், உத்ரெக்ட், ஐந்தோவன் எல்லா இடத்திலும் கடுமை. அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்ய விடாத வீட்டுக்காரர்களும் உண்டு, அப்படிப்பட்ட வீட்டை எடுக்கவே கூடாது. பிள்ளைகள் இல்லாத தம்பதிக்கோ தனி ஆளுக்கோ துபாய் மிகவும் நல்லது என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மனைவியும் அங்கே வேலைக்குப் போனால் கணக்கு தலைகீழாக மாறும். எனக்கு ஆத்திரம் வருவது 'வரி இல்லை' என்ற ஒரே வார்த்தையை நம்பி, இரண்டு பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பங்களைப் பார்க்கும்போதுதான்.

(ஷார்ஜா): ஷார்ஜாவில் வீடு எடுத்தால் வாடகை நன்றாகக் குறையுமே?

குறையும். காலையும் மாலையும் துபாய்-ஷார்ஜா அல் இத்திஹாத் சாலையில் நிற்கிற நேரத்தையும் கணக்கில் சேருங்கள். வீட்டிலிருந்து வேலை கிடைத்தால் ஷார்ஜா அருமை.

காண்ட்ராக்டருக்கு இன்னொன்று. துபாயில் வாடகை முன்தேதியிட்ட காசோலைகளில் போகிறது. வேலை நின்றாலும் அடுத்த காசோலை வங்கிக்குப் போகும். விசா ரத்தான பிறகு வகையைப் பொறுத்து ஒன்று முதல் ஆறு மாதம்வரை அவகாசம். நெதர்லாந்தில் வேலை போனால் பெர்மிட் காலத்துக்குள் மூன்று மாதம் தேடலாம். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கருக்கு 60 நாள். நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இது எப்போதோ வரும் சிக்கல். நமக்கோ ஒவ்வொரு காண்ட்ராக்ட் முடிவிலும் வருவது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். துபாய் பற்றி இத்தோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (ரியாத் போகப் போகிறவர்): மனைவியும் இரண்டு குழந்தைகளும் கூட வரலாமா?

சார்ந்திருப்போர் ஒருவருக்கு மாதம் 400 ரியால் லெவி (அரசுக் கட்டணம்). மூன்று பேருக்கு வருடம் 14,400. வாட் 15%. லெவியைக் கம்பெனி ஏற்கும் என்று எழுத்தில் வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: லண்டனில் ஒரு நாளைக்கு 400 பவுண்டு, மாதம் 8,800 வருமா?

மேலே சென்னை நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். 22-ஆல் பெருக்காதீர்கள்.

கேள்வி (ராமநாதபுரம், வெல்டர்): அண்ணன் கத்தார் போகிறார். பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. ஏஜெண்ட் விசாவுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள், தயவுசெய்து. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பத்தாவது முடிக்காதவர் கத்தார் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும், அது இமைகிரேட் என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாக நடக்கும். ஏஜெண்டின் பதிவையும் அங்கேயே சரிபார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை): ஜெர்மனியில் ஃப்ரீலான்ஸாகப் போகலாமா? மனைவி வேலைக்குப் போகமாட்டார், ஒரு குழந்தை.

ஃப்ரீலான்ஸுக்குத் தனி அனுமதி உண்டு, ஆனால் முதல் முறை போகிறவருக்கு ஊழியராக ப்ளூ கார்டில் (தகுதியுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) போவதே பாதுகாப்பு. ஒரே வாடிக்கையாளருக்கு வருடக்கணக்கில் வேலை செய்தால் 'போலிச் சுயதொழில்' (பெயருக்குச் சுயதொழில், உண்மையில் ஊழியர்) என்ற சிக்கல் வரும். ஒருவர் சம்பளத்தில் வாழும் குடும்பத்தை ஜெர்மனி நன்றாகவே தாங்கும். அரசு வகை மருத்துவக் காப்பீட்டில் மனைவியும் குழந்தையும் கூடுதல் கட்டணமின்றிச் சேரலாம், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் தம்பதிக்கு மாதப் பிடித்தம் குறையும் வரி வகுப்பு 3 கிடைக்கும், குழந்தைக்கு மாதம் 255 யூரோ உதவித்தொகை (2025). வாடகை விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருந்தால் ஹீட்டிங் சேராத தொகை. பல வீடுகளில் சமையலறை சாமான்களே இருக்காது, அதற்கும் பணம் எடுத்து வையுங்கள். மூனிக் மட்டும் வேண்டாம், ஒரு சம்பளத்தில் மிகவும் இறுக்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு 500 பவுண்டு என்றால் மாதம்…

220 நாள். மேலே பாருங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): அக்கா, ஊரிலிருந்தபடியே வெளிநாட்டு க்ளையண்டுக்கு வேலை செய்தால்?

பெற்றோர் வயதானவர்கள் என்றால் இதை முதலில் யோசியுங்கள் என்பேன். நாள்கூலி குறைவாகக் கிடைக்கும், ஆனால் வாடகையும் விசாவும் தலைமேல் இல்லை. வரி முழுக்க இந்தியாவில்தான், க்ளையண்ட் துபாயில் இருந்தாலும் அப்படியே. வருட வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்து, ஏற்றுமதிக்கான எல்யுடி (உறுதிமொழிக் கடிதம்) கொடுத்துவிட்டால் வரி சேர்க்காமல் பில் போடலாம். நல்ல ஆடிட்டர் ஒருவரைப் பிடியுங்கள்.

கேள்வி (பெங்களூர், தமிழர்): மனைவிக்கு ஆம்ஸ்டர்டாமில் வேலை. நானும் கூடவே போய், அங்கே காண்ட்ராக்ட் தேடிக்கொள்ளலாம் என்று திட்டம். எனக்கும் 30% ரூலிங் கிடைக்குமா?

கிளம்புவதற்கு முன் கேட்டீர்களே, நல்லதாயிற்று. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுக்கப்பட்டவருக்குத்தான் ரூலிங். அங்கே குடியேறிவிட்டு அதன் பிறகு வேலை தேடினால் பொதுவாகக் கிடைக்காது. பெங்களூரில் இருக்கும்போதே நேர்காணல் முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மனைவி ஓரிரு மாதம் முன்னால் போனால் போகட்டும். சுயதொழிலாகப் போனால் ரூலிங் இல்லை, பேரோல் கம்பெனியின் (காண்ட்ராக்டரைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் தரும் நிறுவனம்) ஊழியராகச் சேருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து போலிச் சுயதொழில் மீது அங்கே வரித்துறை மீண்டும் நடவடிக்கை எடுக்கிறது, அதற்கும் இதுவே நல்லது. வேலையில் சேர்ந்த நான்கு மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். தாமதமானால் முதல் நாளிலிருந்து கணக்கிட மாட்டார்கள். பேரோல் கம்பெனியிடம் விண்ணப்பம் அனுப்பிய தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.