கேளுங்க அண்ணாச்சி: மாடு மடக்கும் குதிரை

கேள்வி: அண்ணாச்சி, அமெரிக்காவில் மாடு மேய்க்க வைத்திருப்பது என்ன ஜாதிக் குதிரை? எங்களிடம் முப்பது நாட்டு மாடு நிற்கிறது. அப்படி ஒன்று வாங்கிப் பழக்கினால் மேய்ச்சலுக்கு உதவுமா?
(வாசகர், நாங்குநேரி)

பதில்: குவார்ட்டர் ஹார்ஸ், தம்பி. கால் மைல், அதாவது 400 மீட்டர் ஓட்டத்தில் கெட்டி. ஆனால் அதன் அருமையைப் பார்க்க மந்தைக்குள் விட வேண்டும். ஒரு கன்றைப் பிரித்து வெளியே கொண்டுவந்ததும் மேலே இருப்பவர் கடிவாளத்தைத் தளர்த்திவிடுவார், அப்புறம் எல்லாம் குதிரையின் பாடு. கன்று கூட்டத்துக்குத் திரும்பப் பார்க்கும். குதிரை பின்னங்காலில் பாரத்தை இறக்கி, முன்பக்கத்தைத் தாழ்த்தி, கன்றின் முகத்துக்கு நேராக நின்று, அது எந்தப் பக்கம் அசைந்தாலும் அந்தப் பக்கமே பாய்ந்து மறித்துக்கொண்டிருக்கும். இதைக் கட்டிங் என்று போட்டியாகவே நடத்துகிறார்கள், ஆளுக்கு இரண்டரை நிமிடம். மாட்டைக் கண்டால் வருகிற இந்தப் புத்தி பெரும்பாலும் வம்சத்தில் வருவது. 1940-ல் டெக்சாஸில் சங்கம் தொடங்கி வம்சாவளிப் பதிவேடு போட்டார்கள். முதல் எண் கிங் ராஞ்ச் பண்ணையின் விம்பி என்ற பொலிகுதிரைக்கு.

உங்கள் மாட்டுக்கு இது வேண்டாம். அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் மனுச வாடை படாமல் திரியும் மாடு. உங்கள் மாடு ஒரு அதட்டலுக்குத் திரும்பிவிடுமே! வாழைத்தோட்டத்துக்கு நடுவே 500 கிலோ குதிரையை எங்கே திருப்புவீர்கள்?

சவாரி ஆசைதான் என்றால் கத்தியவாரி, மார்வாரி என்ற நம் நாட்டு ஜாதிகளைப் பாருங்கள், வறண்ட வெயிலில் பிறந்தவை. ஆனால் குதிரைக்கு முன்னால் லாடக்காரரைத் தேடுங்கள். நம் பக்கம் காளைக்கு அடிப்பவர்கள் உண்டு, மாட்டுக்குப் பிளந்த குளம்பு. குதிரையின் ஒற்றைக் குளம்புக்கு ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, மட்டம் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். மட்டம் தப்பினால் கால் போச்சு. தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய காலத்திலேயே, பாண்டிய நாட்டில் லாடம் அடிக்க ஆளில்லாமல், பராமரிப்பும் தெரியாமல் அவை செத்துப்போவதாக மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். எவ்வளவு பணம் கொட்டி வாங்கிய ஜீவன்கள், பாவம்.

வெறும் வைக்கோலில் குதிரை நிற்காது. குதிரை மசால் என்ற பசுந்தீவனமும் கொள்ளும் வேண்டும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது, தீனி மாறி வயிறு பிடித்துக்கொண்டால் தரையில் விழுந்து புரளும், உயிரே போய்விடும். அதனால் ராத்திரியில் கூப்பிட்டாலும் வருகிற, குதிரை பார்த்துப் பழகிய டாக்டர் யார் என்று ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துவிட்டு, அப்புறம் விலை பேசப் போங்கள்.