உரம் ஊத்தியும் இலை ஏன் வெளிறுது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க வீட்ல 2 அடி மீன் தொட்டி இருக்கு, போர் தண்ணி, பிஹெச் (அமில-காரத் தன்மை அளவு) 8 காட்டுது. வாலிஸ்னேரியா, அனுபியாஸ்னு ரெண்டு தண்ணிச் செடி வச்சிருக்கேன். வாரா வாரம் லிக்விட் உரம் ஊத்தியும் புதுசா வர்ற இலையெல்லாம் வெளிறிப் போய்த்தான் வருது. ஃபில்டர்ல இருக்கற கார்பன் உரத்தை உறிஞ்சிடுதுன்னு சொல்றாங்க, நிஜமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: பாதிதாம்மா நிஜம். நைட்ரேட், பொட்டாசியத்தையெல்லாம் கார்பன் ஒண்ணும் பண்ணாது, அது பிடிக்கறது தண்ணியோட மஞ்சள் நிறம், நாத்தம், மீனுக்குப் போட்ட மருந்து இந்த மாதிரி சமாச்சாரங்களைத்தான். ஆனா உரத்துல இருக்கற இரும்புச்சத்தை செலேட்னு ஒரு கரிமப் பொருளோட கட்டித்தான் விக்கிறாங்க, அதுல கொஞ்சத்தைக் கார்பன் இழுத்துக்கும், அதுவும் புதுக் கார்பன்னா கூடவே இழுக்கும். அதனால கார்பனை எடுத்துடுங்க, நோய்க்கு மருந்து போட்டு முடிச்சப்புறம் அந்த மருந்தை வெளிய எடுக்க ஒரு வாரம் கார்பன் போட்டா போதும்.

ஆனா உங்க தொட்டியில எனக்கு சந்தேகம் தண்ணி மேலதான். புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புச்சத்து பத்தலைன்னு அர்த்தம். பழைய இலை மஞ்சளானா நைட்ரஜன், பழைய இலையில ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்தா பொட்டாசியம். நிறைய உரத்துல இருக்கறது இடிடிஏங்கற செலேட்டோட கட்டின இரும்பு, அது பிஹெச் 8ல நிக்காது, கட்டு விட்டுப் போய் துருவாப் படிஞ்சிடும், செடிக்குக் கிடைக்காது. டிடிபிஏங்கற இன்னொரு செலேட்டோட கட்டின இரும்பு அதைவிடக் கொஞ்சம் தாங்கும், லேபிள்ல பார்த்து அதையே வாங்கி, வாரத்துக்கு ஒரே தடவை ஊத்தாம ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. வாலிஸ்னேரியா வேர் வழியா நல்லா சாப்பிடற செடி, மண்ணுக்குள்ள ரூட் டேப் (வேருக்குப் பக்கத்துல புதைக்கற உர மாத்திரை) வச்சா நல்லாவே எடுத்துக்கும்.

கேள்வி: ஃபில்டரை சுத்தமா கழுவி மாட்டின மறுநாளே மீன் மேல வந்து மூச்சு வாங்குது, ரெண்டு செத்தும் போச்சு. மாசா மாசம் ஃபில்டருக்குள்ள இருக்கற மீடியா (ஸ்பாஞ்சு, ரிங்) மாத்தச் சொல்றாங்களே, மாத்தணுமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: வேணவே வேணாம், தயவுசெஞ்சு மாத்தாதீங்க. மீன் கழிவுல வர்ற அமோனியாவை நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சுலயும் செராமிக் ரிங்லயும்தான் குடியிருக்கு. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், அதுல தேய்ச்சுக் கழுவினா அந்த பாக்டீரியா செத்துப் போய் அமோனியா ஏறும், மீன் மேல வந்து தவிக்கறது அதனாலதான் இருக்கும். தண்ணி மாத்தும்போது தொட்டியில இருந்து எடுத்த தண்ணியை ஒரு பக்கெட்ல வச்சு அதுல ஸ்பாஞ்சை ரெண்டு பிழி பிழிஞ்சா போதும், பழுப்பா கொஞ்சம் அழுக்கு மிச்சம் இருந்தா இருக்கட்டும். ரிங்கை அன்னிக்குத் தொடாதீங்க, அதுக்கு வேற வாரம். நொறுங்காத வரைக்கும் ரிங் வருஷக்கணக்கா வரும்.

செடித் தொட்டிக்கு பாஸ்பேட் ரிமூவர் மட்டும் வாங்கிடாதீங்க, செடிக்கு வேண்டிய பாஸ்பேட்டையே அது எடுத்துடும், அப்புறம் காசு குடுத்து உரம் வாங்கி ஊத்தறதுல அர்த்தமே இல்ல.

கேள்வி: மாடித்தோட்டத்துக்கு வாங்கின 19:19:19 உரம் மிச்சம் இருக்கு, தொட்டியில கலக்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: கூடாதுங்க. அதுல யூரியாவும் அம்மோனியமும் இருக்கு, பிஹெச் ஏற ஏற அம்மோனியம் விஷ அமோனியாவா மாறும், மீன் தாங்காது. அதே உரக்கடையில 13:0:45னு கேளுங்க, அது பொட்டாசியம் நைட்ரேட், வெள்ளையா உப்பு மாதிரி இருக்கும். 60 லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் போட்டா நைட்ரேட் ஏறக்குறைய 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏறும், ஒரு டம்ளர் தண்ணியில நல்லா கரைச்சு ஊத்துங்க. மீன் நிறைய இருக்கற தொட்டின்னா மொதல்ல டெஸ்ட் கிட் வச்சுப் பாருங்க, நைட்ரேட் ஏற்கெனவே 20 பிபிஎம்முக்கு மேல காட்டினா போடவே தேவையில்ல.