ஃப்ரீபிஎஸ்டி (யுனிக்ஸ் வகை இயங்குதளம்) சர்வரின் நிலை அறிக்கை தினமும் தானாக மெயிலில் வர ஸ்கிரிப்ட் எழுத வேண்டுமா?

எழுத வேண்டியதில்லை. நீங்கள் கேட்கிற வேலையை ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் ‘பீரியாடிக்’ என்ற நிரல் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அதைத் தினமும் அதிகாலை 3:01-க்கு ஓட்டும். வார அறிக்கை சனிக்கிழமை 4:15-க்கு, மாத அறிக்கை 1-ஆம் தேதி 5:30-க்கு. அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால் அன்றைக்கு அறிக்கை கிடையாது; இரவில் அணைத்து வைப்பவர் என்றால், அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் உள்ள கிரான்டேப்பில் (கிரானின் நேரப் பட்டியல்) நேரத்தை மாற்றிவிடுங்கள்.

சரி, பிறகு ஏன் உங்களுக்கு எதுவும் வரவில்லை? அறிக்கை ரூட் பயனரின் (மெஷினின் முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) மெயில் பெட்டிக்குப் போய் அந்த மெஷினுக்குள்ளேயே கிடக்கும். எனக்கும் இதுதான் நடந்தது. நான் பார்த்துக்கொண்ட ஒரு ஃபைல் சர்வரில் இரண்டு டிஸ்க் மிரரில் (ஒரே தரவை இரண்டிலும் எழுதும் அமைப்பு) ஒன்று செத்துப்போனது. அது தெரியாமலே பல வாரம் ஓட்டியிருக்கிறேன். ரூட் பெட்டியில் மாதக்கணக்கான அறிக்கைகள் திறக்காமல் இருந்தன. திறந்து பார்த்தால் அதிலும் மிரரைப் பற்றி ஒரு வரி இல்லை, ஏனென்றால் மிரரை நடத்தும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ்ஸின் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும்.

அதனால் முதலில் ஈடிசி அடைவில் உள்ள ‘அலியாசஸ்’ கோப்பில் ரூட்டுக்கு உங்கள் சொந்த மெயில் முகவரியைக் கொடுங்கள். மெயிலை அனுப்பும் நிரலாக, ஃப்ரீபிஎஸ்டி பதிப்பு 14 முதல் சென்ட்மெயிலுக்குப் பதில் டிஎம்ஏ இயல்பாக வருகிறது. வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக அனுப்பும் மெயிலைப் பெரிய சேவைகள் பெரும்பாலும் ஏற்காது. டிஎம்ஏவின் ‘ஸ்மார்ட்ஹோஸ்ட்’ அமைப்பில் உங்கள் மெயில் சேவையின் சர்வரைக் கொடுத்து அதன் வழியாக அனுப்புங்கள்.

அடுத்து, ஈடிசியில் ‘பீரியாடிக்.கான்ஃப்’ என்று ஒரு கோப்பை நீங்களே உருவாக்குங்கள். ‘டிஃபால்ட்ஸ்’ அடைவில் இருப்பதைத் தொட வேண்டாம், அது அப்கிரேடில் மாறிவிடும். உங்கள் புதுக் கோப்பில் ‘டெய்லி_ஸ்டேட்டஸ்_இசட்எஃப்எஸ்_எனேபிள்’ என்பதற்கு யெஸ், ‘டெய்லி_ஷோ_சக்ஸஸ்’ என்பதற்கு நோ. இந்த இரண்டாவதுதான் எனக்கு மிக முக்கியம். ஒவ்வொரு சோதனையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: 0 என்றால் சொல்ல ஒன்றுமில்லை, 1 என்றால் கவனிக்கத் தகுந்தது, 2 என்றால் அமைப்பில் தவறு, 3 என்றால் எந்த அமைப்பிலும் மறைக்கக் கூடாத செய்தி. நோ கொடுத்தால் 0 தருபவை அறிக்கையில் வராது. அறிக்கை அவ்வளவுக்குச் சுருங்கும். காலையில் காபி குடித்துக்கொண்டே படித்துவிடலாம். நீளமான அறிக்கையை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் படிப்பதில்லை.

உங்கள் சொந்தச் சோதனை ஏதாவது இருந்தால் ‘யுஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி/பீரியாடிக்/டெய்லி’ அடைவில் போடுங்கள், அதே எண் முறையைப் பின்பற்றுங்கள். கட்டளைகளுக்கு முழுப் பாதையையும் எழுதுங்கள்; உங்கள் ஷெல்லில் கிடைக்கிற பாதையெல்லாம் கிரானுக்குத் தெரியாது.

விடியும்வரை காத்திருக்க வேண்டாம், ரூட்டாக ‘பீரியாடிக் டெய்லி’ என்று ஓட்டினால் மெயில் உடனே வரும். அப்புறம் இன்னொன்று செய்யுங்கள்: பேக்கப் எடுத்துவிட்டு, மிரரில் ஒரு டிஸ்க்கை ‘இசட்பூல் ஆஃப்லைன்’ கொடுத்து விலக்கி, மறுபடி ஓட்டுங்கள். ‘டிகிரேடட்’ (மிரர் முழுமையாக இல்லை) என்ற சொல் உங்கள் ஃபோனில் வந்து விழுகிறதா என்று பார்த்துவிட்டு டிஸ்க்கை ஆன்லைனுக்குக் கொண்டுவாருங்கள். புது சர்வர் எதை அமைத்தாலும் நான் இதைச் செய்யாமல் விடுவதில்லை.