மாற்றிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பழைய பெயரிலேயே வெளியிடலாமா?

கேள்வி: ஜிபிஎல் 3 உரிமத்தில் கிடைக்கும் ஒரு குறிப்பேட்டுச் செயலியை எடுத்துச் சில வசதிகளைச் சேர்த்தேன். அதே பெயரோடு ‘புரோ’ என்று சேர்த்து, அதே லோகோவுடன் வெளியிட்டேன். சோர்ஸ் கோடையும் கொடுத்துவிட்டேன். இப்போது மூலத் திட்டத்தினர் பெயரையும் லோகோவையும் எடுக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். ஜிபிஎல் எல்லா உரிமையும் தரும்போது இப்படிக் கேட்க முடியுமா?

பதில்: முடியும். பெயரை மாற்றிவிடுங்கள், ‘புரோ’ என்று ஒட்டினால் போதாது.

ஜிபிஎல் தருவது பதிப்புரிமை சார்ந்த அனுமதி. கோடை நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். பெயரும் லோகோவும் டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) சட்டத்தின் கீழ் வருபவை. ஜிபிஎல் 3-இன் 7-ஆம் பிரிவே, டிரேட்மார்க் உரிமை தரவில்லை என்ற நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அப்பாச்சி 2.0 உரிமம் தன் 6-ஆம் பிரிவில் இதை நேராகவே சொல்லிவிடுகிறது. எம்ஐடி உரிமம் டிரேட்மார்க்கைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசாமல் விட்டதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல நாடுகளில், பதிவு செய்யாத பெயருக்கும் நெடுநாள் பயன்பாட்டால் உரிமை உண்டு.

இது வெறும் பிடிவாதம் இல்லை. உங்கள் பதிப்பில் ஒரு பிழை வந்து பயனரின் குறிப்புகள் அழிந்தால், அவர் திரையில் பார்க்கும் பெயரைத் தேடிப்போய் மூலத் திட்டத்திடம்தான் புகார் செய்வார். அவர்கள் எழுதாத வரிக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வெளியிடும் டெபியன் திட்டத்துக்கே இது நடந்தது. ஃபயர்ஃபாக்ஸ் லோகோவின் உரிமம் தங்கள் விதிகளுக்கு ஒத்துவராததால் அதை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருந்தார்கள். பெயரும் லோகோவும் சேர்ந்தே வர வேண்டும், திருத்தங்களுக்கும் ஒப்புதல் வேண்டும் என்றது ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா. 2006-இல் டெபியன் அந்த உலாவிக்கு ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றியது. இரு தரப்பும் உடன்பட்டு ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் திரும்பி வர 2016 ஆகிவிட்டது.

பெயர் மாற்றுவதை ஒரே ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ வேலையாக நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. பெரிய, சிறிய எழுத்து வேறுபாடில்லாமல் பழைய பெயரைத் தேடி, கிடைப்பதையெல்லாம் முதலில் மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, பயனர் கண்ணில் படுபவை: சாளரத் தலைப்பு, ‘அபவுட்’ பெட்டி, தொடக்கத் திரை, எல்லா அளவு ஐகான்களும், இன்ஸ்டாலர் படங்கள், உதவிப் பக்கங்கள், ஸ்டோர் விவரம். இவை அனைத்தும் மாற வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் சிக்காது. ஸ்கிரீன்ஷாட்களைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்புகளும் அப்படித்தான். தமிழ், அரபு, ரஷ்ய எழுத்துகளில் பெயர் ஒலிபெயர்க்கப்பட்டு, வேற்றுமை உருபோடு ஒட்டிக் கிடக்கும். ஆங்கில எழுத்தில் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது.

இரண்டாவது, இயந்திரம் மட்டும் படிப்பவை: கிளாஸ் பெயர்கள், ப்ளக்இன் ஏபிஐ (கூடுதல் நிரல்கள் செயலியோடு இணையும் இடைமுகம்), கோப்பு வடிவத்தின் அடையாளங்கள். மாற்றினால் பழைய ப்ளக்இன்கள் உடையும் என்றால் விட்டுவைக்கலாம். 2011-இல் ஹட்சன் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்த ஜென்கின்ஸின் ஜாவா பேக்கேஜ்களில் ‘ஹட்சன்’ என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஆனால் இதில் நான்கு விதிவிலக்குகள்: அப்டேட் முகவரி, கிராஷ் அறிக்கை போகும் முகவரி, செயலி ஐடி, அமைப்புகள் சேமிக்கப்படும் கோப்புறை. அப்டேட் முகவரியை மாற்ற மறந்தால், அடுத்த அப்டேட்டில் உங்கள் பதிப்பின் மேல் மூலப் பதிப்பே வந்து உட்கார்ந்துவிடக்கூடும். கிராஷ் முகவரியை விட்டால் உங்கள் பிழைகள் அவர்கள் சர்வரில் குவியும். ஆண்ட்ராய்டில் ஒரே ஐடியும் வேறு கையொப்பமும் இருந்தால், மூலச் செயலி ஏற்கெனவே இருக்கும் ஃபோனில் இன்ஸ்டாலே ஆகாது. கோப்புறை ஒன்றாக இருந்தால் இரண்டு செயலிகளும் ஒரே தரவில் மாறி மாறி எழுதும். புதிய கோப்புறை வைத்து, பழைய தரவை இறக்குமதி செய்ய வழி கொடுங்கள்.

மூன்றாவது, தொடவே கூடாதவை: பதிப்புரிமை வரிகள், உரிமக் கோப்பு, அப்பாச்சி உரிமம் என்றால் ‘நோட்டிஸ்’ கோப்பு. ஒட்டுமொத்தமாக ரீப்ளேஸ் செய்கிறவர்கள் மூல ஆசிரியர்களின் பதிப்புரிமை வரியில் தங்கள் பெயரை ஏற்றிவிடுகிறார்கள். டிரேட்மார்க் சிக்கலைத் தீர்க்கப் போய் ஜிபிஎல்லையே மீறிய கதையாகிவிடும்.

புதிய பெயர் ஒலியிலும் தோற்றத்திலும் பொருளிலும் பழையதிலிருந்து விலகி நிற்கட்டும். ஓரெழுத்து மாற்றம், ‘பிளஸ்’, ‘லைட்’ எதுவும் காப்பாற்றாது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் இலவசமாகத் தேடலாம். டிரேட்மார்க் பதிவு வகுப்புகளில், மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பையும், இணையவழிச் சேவையாகக் கொடுப்பதானால் 42-ஆம் வகுப்பையும் பாருங்கள். இணைய முகவரியிலும் பழைய பெயர் வேண்டாம்.

அதற்காகப் பழைய பெயரை எங்கும் உச்சரிக்கவே கூடாது என்பதில்லை. ‘இது இன்ன மென்பொருளின் 4.2 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. இன்ன தேதியில் இன்னார் மாற்றியது. மூலத் திட்டத்துடன் தொடர்பில்லை’ என்று ‘அபவுட்’ பெட்டியில் சாதாரண எழுத்தில் எழுதலாம். மாற்றியதையும் தேதியையும் குறிப்பிடச் சொல்லி ஜிபிஎல் 3-இன் 5-ஆம் பிரிவே கேட்கிறது. லோகோவை மட்டும் இந்த வரிக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

மின்னஞ்சலுக்கு அவர்கள் குறித்த நாளுக்குள் பதில் எழுதுங்கள். உரிமத்தைக் காட்டி வாதாட வேண்டாம். இப்போதைய இன்ஸ்டாலரை இறக்கிவிட்டு, புதிய பெயரில் எப்போது வெளியிடுவீர்கள் என்று ஒரு தேதியைச் சொல்லுங்கள். பழைய பெயரை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் முதலில் அவர்களுடைய டிரேட்மார்க் கொள்கையைப் படியுங்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் திட்டம் போன்ற சில, மாற்றிய பதிப்புகளுக்கென்றே ‘ஃபெடோரா ரீமிக்ஸ்’ என்று தனிச் சின்னம் வைத்திருக்கின்றன. அப்படி எதுவும் இல்லையென்றால் எழுத்துப்பூர்வ அனுமதி கேளுங்கள். எந்தப் பெயர், எந்தப் பதிப்பு, எவ்வளவு காலம், அடுத்த திருத்தத்துக்கு மறுபடி ஒப்புதல் வேண்டுமா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை அந்தப் பெயரில் எதையும் வெளியிடாதீர்கள்.